வாய்ப்பூட்டுச் சட்டமும் நான்கு வழிகளும்: 1798-இல் எதை எடுத்திருப்பீர்கள்?

1798 அக்டோபரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வெர்ஜென்ஸ் ஊர்ச் சிறையில், காங்கிரஸ் என்ற அந்நாட்டு நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவரைக் கொண்டுபோய் அடைத்தார்கள். 16 அடிக்கு 12 அடி அறை. மூலையிலேயே கழிப்பிடம். கதவில் பிறை வடிவத்தில் ஒரு ஓட்டை. ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கண்ணாடி இல்லை. குளிர்காய அடுப்பும் இல்லை. வழக்கமாகக் குதிரைத் திருடர்களையும் கள்ளப்பணம் அடிப்பவர்களையும் போட்டுவைக்கும் அறை அது. ஆகஸ்ட் மாதத்தில் ஃபிலடெல்பியா படகுத்துறையில் வீசுமே, அந்த நாற்றம் இங்கே அடிக்கிறது என்று உள்ளே இருந்தவர் நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

அவர் பெயர் மேத்யூ லயன். அயர்லாந்திலிருந்து கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த பையன். ஒரு ஜோடி காளைகளுக்கு ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியவர் என்பார்கள். 'என்னை மீட்ட காளைகள்மேல் ஆணை' என்று சத்தியம் செய்வது அவர் வழக்கம். இப்போது அவர் செய்த குற்றம், அதிபர் ஜான் ஆடம்ஸின் அரசாங்கத்தில் அடங்காத ஆடம்பர ஆசையும் முகஸ்துதி மோகமும் பேராசையும் பெருகிவிட்டன என்று ஒரு பத்திரிகைக்கு எழுதியது. 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். அந்தக் கடிதத்தை அவர் எழுதியபோது அவரைத் தண்டித்த சட்டமே பிறக்கவில்லை. அச்சில் வந்தபோது பிறந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சட்டம் 1798 ஜூலை 14 அன்று ஆடம்ஸ் கையெழுத்திட்ட செடிஷன் சட்டம். நம் ஊர் வழக்கில் சொன்னால் வாய்ப்பூட்டுச் சட்டம். பிரான்ஸோடு கடலில் அறிவிக்கப்படாத சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அரசாங்கத்தையோ காங்கிரஸையோ அதிபரையோ பற்றிக் கெட்ட எண்ணத்தோடு பொய்யும் அவதூறும் எழுதினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். பட்டியலில் துணை அதிபர் மட்டும் இல்லை. அந்த நாற்காலியில் எதிர்க்கட்சியின் தாமஸ் ஜெஃபர்சன் உட்கார்ந்திருந்தார். அவரை யார் வேண்டுமானாலும் திட்டலாம்! சட்டம் எப்போது காலாவதியாகும் என்றும் எழுதியிருந்தார்கள்: 1801 மார்ச் 3. ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் நாளும் அதுதான். அடுத்து வருபவர் நம்மேல் இதைத் திருப்பிவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை.

நியூ ஜெர்சியின் நியூவர்க் நகரத்தில் லூதர் பால்ட்வின் என்று ஒருவர். ஆடம்ஸ் ஊர் வழியே போகும்போது மரியாதைக்குப் பீரங்கி வெடித்தார்கள். அது அதிபரின் பின்புறத்திலேயே போய் வெடித்தாலும் எனக்குக் கவலையில்லை என்று குடிபோதையில் சொல்லிவிட்டார். அதற்கும் வழக்கு, அபராதம்.

சரி, நீங்கள் அன்றைய ரிபப்ளிகன் கட்சிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். (இன்றைய ரிபப்ளிகன் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது ஜெஃபர்சன், மேடிசனின் கட்சி.) அதிபர், காங்கிரஸின் இரு அவைகள், நீதிமன்றங்கள் எல்லாமே எதிர்த்தரப்பான ஃபெடரலிஸ்டுகளின் கையில். பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம். மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோதான் என்கிறது பத்தாவது திருத்தம். இரண்டும் 1791-இலேயே நிறைவேறியவை. எழுத்தில் எல்லாம் இருக்கிறது, யார் அதை அமல்படுத்துவது?

அன்றைக்கு எதிரே இருந்த வழிகள் நான்கு: துப்பாக்கி, நீதிமன்றம், மாநில சட்டமன்றம், வாக்குச்சீட்டு. நான் இவற்றை மூன்று கேள்விகளால் எடைபோடுகிறேன். விலையை யார் கொடுக்கிறார்கள்? பலன் எப்போது கைக்கு வரும்? அப்புறம் அதே ஆயுதத்தை வேறு யார் எடுப்பார்கள்? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப்படுகிறது.

துப்பாக்கி

இதற்கு ஒத்திகை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. 1791-இல் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் சாராயத்துக்குக் கலால் வரி கொண்டுவந்தார். கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்கு அது இன்னொரு வரி. மேற்குப் பென்சில்வேனியாவின் மலைக்கு அந்தப்பக்கம் இருந்த விவசாயிக்கோ கழுத்தில் சுருக்கு. ரை தானியத்தை மூட்டையாகக் கட்டினால் ஒரு குதிரை 4 புஷல்தான் (புஷல் தானியம் அளக்கும் அளவு) சுமக்கும். அதையே விஸ்கியாகக் காய்ச்சிச் சின்னப் பீப்பாய்களில் அடைத்தால் 24 புஷல் தானியத்தின் மதிப்பு அதே குதிரைமேல் மலையேறிவிடும். ரொக்கம் அபூர்வமான அந்தப் பக்கத்தில் விஸ்கியே பணம், கூலியும் அதிலேயே. வரியை மட்டும் ரொக்கமாகக் கட்டவேண்டும். கட்டாதவர்மேல் வழக்கு வந்தால் சுமார் 300 மைல் தாண்டி அன்றைய தலைநகரான ஃபிலடெல்பியாவுக்குப் போக வேண்டும். விசாரணையில் ஜெயித்தாலும் அந்தப் பயணத்திலேயே ஒரு பருவ விவசாயம் போய்விடும்.

வரி வசூலிக்க வந்தவரைப் பிடித்துத் தலைமயிரைச் சிரைத்து, தார் பூசி, இறகு ஒட்டி அனுப்பினார்கள். 1794 ஜூலையில் வரி மேற்பார்வையாளர் ஜான் நெவிலின் பவர் ஹில் மாளிகையைச் சுற்றி வளைத்துக் கொளுத்தினார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் மெக்ஃபார்லன் அங்கே சுடப்பட்டு இறந்தார். சுதந்திரப் போரில் சண்டையிட்டவர். ஆகஸ்ட் 1 அன்று பிராடக் மைதானத்தில் சுமார் 7,000 பேர் கூடினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பதிலுக்குத் திரட்டியது ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படை. அவரே பாதி தூரம் குதிரையில் கூட வந்தார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்க்க ஆளே இல்லை. சுமார் 20 பேரைப் பிடித்து ஃபிலடெல்பியாவுக்கு நடத்திப் போனார்கள். இருவருக்குத் தூக்கு விதித்து, இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வரியைக் கென்டக்கி மாநிலத்தில் கிட்டத்தட்ட யாருமே கட்டவில்லை. அங்கே மாளிகை எதுவும் எரியவில்லை. வழக்கு நடத்த முன்வரும் அரசு வக்கீல் கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் தண்டிக்கும் ஜூரி கிடைக்காது. ஊரே கைகட்டி நின்றது. படை அனுப்ப ஃபிலடெல்பியாவுக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. இதை ஐந்தாவது வழி என்று சேர்த்திருக்கலாம். ஆனால் ஊர் முழுக்க ஒரே பக்கம் இருந்தால்தான் இது நடக்கும். பத்திரிகையாசிரியர் ஒருவரைத் தனியாக இழுத்துப்போகும் சட்டத்துக்கு இது உதவாது.

1799-இல் துப்பாக்கி இன்னொரு முறை வெளியே வந்தது. பிரான்ஸோடு சண்டை வந்தால் செலவுக்கு என்று வீடு, நிலம், அடிமைகள்மேல் 20 லட்சம் டாலர் நேரடி வரி. கிழக்குப் பென்சில்வேனியாவில் ஜெர்மன் பேசும் விவசாயிகளின் வீடுகளுக்கு வரி மதிப்பிடுபவர்கள் வந்து ஜன்னல்களை எண்ணினார்கள். பெண்கள் மாடியிலிருந்து வெந்நீரைக் கொட்டினார்கள். மார்ச் 7 அன்று ஜான் ஃப்ரைஸ் என்ற ஏலக்காரர் தலைமையில் ஒரு கூட்டம் பெத்லஹேம் ஊரின் சன் விடுதிக்குப் போய், மார்ஷல் என்ற மத்திய நீதிமன்ற அதிகாரி பிடித்துவைத்திருந்தவர்களை விடுவித்தது. ஒரு குண்டும் பாயவில்லை. அதற்கும் படை வந்தது. ஃப்ரைஸ் சதுப்புநிலத்தில் ஒளிந்திருந்தார். கூட இருந்த அவர் நாயே அவரைக் காட்டிக்கொடுத்தது என்று கதை. நாயின் பெயர் விஸ்கி. தேசத்துரோகம் என்று அவருக்கு இரண்டு தடவை விசாரணை, இரண்டு தடவையும் தூக்குத் தண்டனை. 1800 மே மாதம் ஆடம்ஸ், தன் அமைச்சர்களின் பேச்சைத் தட்டிவிட்டு, மன்னிப்பு கொடுத்தார்.

இரண்டு கலகத்திலும் மன்னிப்பு கிடைத்ததைப் பார்த்து, துப்பாக்கிக்கு விலை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 1800 ஆகஸ்ட் 30 அன்று வர்ஜீனியாவின் ரிச்மண்டில், கேப்ரியல் என்ற அடிமைக் கொல்லர் தலைமையில் ஒரு எழுச்சிக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்குப் பெரும் மழை, பாலங்கள் மூழ்கின. சேதி வெளியாகிவிட்டது. ஒரு எஜமானனும் சாகவில்லை. ஆனாலும் சுமார் 26 பேரைத் தூக்கிலிட்டார்கள். தூக்கு போதும் என்று ஜெஃபர்சனே கவர்னர் மன்றோவுக்கு எழுதவேண்டி வந்தது. சுதந்திரம் சுதந்திரம் என்று அதே காலத்தில் முழங்கிக்கொண்டிருந்த ஊர் அது. விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற என் முதல் கேள்விக்கு இதைவிடக் கசப்பான பதில் இல்லை.

செடிஷன் சட்டத்துக்கு எதிராகத் துப்பாக்கி எடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எதிராளி அதைத்தான் எதிர்பார்த்தார். புதிதாக ஒரு படை திரட்டி, வாஷிங்டனைத் தலைவராகவும் ஹாமில்டனை இரண்டாமவராகவும் வைத்திருந்தார்கள். அந்தப் படையை ஏதாவது ஒரு சாக்கில் வர்ஜீனியா பக்கம் நகர்த்தி, அது எதிர்க்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம் என்று 1799 பிப்ரவரியில் ஹாமில்டன் ஒரு செனட்டருக்கு எழுதினார். அதே குளிர்காலத்தில் ஜெஃபர்சன் தன் ஆட்களுக்கு எழுதியது நேர் எதிர்: உறுதியாக நில்லுங்கள், ஆனால் கையை ஓங்காதீர்கள், ஓங்கினால் நம் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும் மாநிலங்கள் திரும்பிப் போய்விடும். இந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதல் வழியை மூட்டைகட்டி வைத்துவிடலாம்.

நீதிமன்றம்

இன்று முதலில் தோன்றுவது இதுதான். சட்டம் சாசனத்துக்கு விரோதமா, வழக்குப் போடு. 1798-இல் அப்படித் தோன்றாததற்குக் காரணம் இருந்தது. காங்கிரஸின் சட்டம் ஒன்றைச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது 1803-இல்தான். அதற்கு முன் 1796-இல் குதிரைவண்டி வரி வழக்கில் சட்டத்தை எடுத்துப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுச் செல்லும் என்றார்கள். தவிர உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அப்போது ஊர் ஊராகப் போய்க் கீழ்க்கோர்ட் விசாரணையும் நடத்துவார்கள். எல்லாரும் வாஷிங்டனோ ஆடம்ஸோ நியமித்தவர்கள். உங்களைத் தண்டித்தவரின் தோழர்களிடமே மேலே போக வேண்டும்.

லயனின் வழக்கைப் பாருங்கள். விசாரித்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் பேட்டர்சன். இந்தச் சட்டமே சாசனத்துக்கு விரோதம் என்று லயன் தானே எழுந்து வாதாடினார். அது உங்கள் வேலை இல்லை என்று பேட்டர்சன் ஜூரியிடம் சொல்லிவிட்டார். லயன் அடுத்து நீதிபதியையே சாட்சியாக்கப் பார்த்தார். நீங்கள் அதிபர் வீட்டில் விருந்து சாப்பிட்டிருக்கிறீர்களே, அங்கே ஆடம்பரம் பார்த்ததில்லையா? பேட்டர்சன் சொன்னார், எளிமையைத்தான் பார்த்தேன். இந்த ரட்லண்ட் ஊர் விடுதியில் இருப்பதைவிட அங்கே படாடோபம் கூடுதலா குறைவா? இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று லயன் எழுதிவைத்திருக்கிறார். ஜூரி ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்று திரும்பி வந்தது.

ஜூரியின் மனசாட்சியை நம்பலாமே என்று கேட்கலாம். 1735-இல் நியூயார்க்கில் அச்சக்காரர் ஜான் பீட்டர் ஸெங்கரை அப்படி ஒரு ஜூரிதான் விடுவித்தது, அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் இங்கே ஜூரியைப் பொறுக்கியவர்கள் ஃபெடரலிஸ்ட் மார்ஷல்கள். சட்டத்தின் வாசகம் தாராளமாகத்தான் இருந்தது. எழுதியது உண்மை என்று நிரூபித்தால் தப்பலாம் என்று அதிலேயே போட்டிருந்தார்கள். அதிபருக்கு ஆடம்பர மோகம் என்பதை யார் எப்படி நிரூபிப்பது?

1800-இல் ரிச்மண்டில் ஜேம்ஸ் காலண்டர் என்ற பத்திரிகைக்காரரை நீதிபதி சாமுவேல் சேஸ் விசாரித்தார். பிரதிவாதி வக்கீல்களைப் பேசவிடாமல் குறுக்கிட்டுக்கொண்டே இருந்ததில், அவர்கள் காகிதங்களை மடித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். 9 மாதச் சிறை, 200 டாலர் அபராதம். பின்னால் காங்கிரஸ் ஜெஃபர்சன் கட்சியின் கைக்கு மாறியபோது சேஸ்மேல் பதவிநீக்க வழக்கு வந்தது, 1805-இல் செனட் அவரை விட்டுவிட்டது. செடிஷன் சட்டத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் தெளிவாக வாய்திறந்தது எப்போது தெரியுமா? 1964-இல், வேறொரு அவதூறு வழக்கில் போகிறபோக்கில். வரலாற்றின் நீதிமன்றத்தில் அந்தச் சட்டம் தோற்றுப்போனது என்றார்கள். 166 ஆண்டு கழித்து வந்த நியாயம், வெர்ஜென்ஸ் சிறையில் குளிரில் கிடந்தவருக்கு எதற்கு?

மாநில சட்டமன்றம்

நான்கில் பேர்போன வழி இதுதான். இன்றும் மாநில உரிமை என்று பேச வருகிறவர் முதலில் கையில் எடுப்பதும் இதைத்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும் ஆளுக்கொரு தீர்மானம் எழுதினார்கள், யாருக்கும் தெரியாமல். துணை அதிபரே அரசின் சட்டத்துக்கு எதிராக எழுதினார் என்று வெளியே தெரிந்தால் அவர்மேலேயே வழக்கு வரும். ஜெஃபர்சனின் வரைவை ஜான் பிரெக்கின்ரிட்ஜ் கென்டக்கிக்குக் கொண்டுபோனார், 1798 நவம்பரில் நிறைவேறியது. மேடிசனுடையதை ஜான் டெய்லர் வர்ஜீனியா சட்டமன்றத்தில் வைத்தார், டிசம்பர் 24-இல் முடிந்தது.

இரண்டுக்கும் அடிப்படை வாதம் ஒன்று. சாசனம் என்பது மாநிலங்கள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் பிறந்த மத்திய அரசே தன் அதிகாரத்தின் எல்லை எதுவரை என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது. வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. குத்தகைக்காரரே வரப்பை அளந்துகொள்ள எந்த நிலச் சொந்தக்காரர் விடுவார்?

வித்தியாசம் வருவது அடுத்த படியில். வரப்பு மீறப்பட்டால் யார், என்ன செய்வது? ஜெஃபர்சனின் வரைவு ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கலாம் என்றது. பிரெக்கின்ரிட்ஜுக்கே அது காரம் அதிகமாகப்பட்டு அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். சட்டம் செல்லாது என்று அறிவித்துவிட்டு, அதை ரத்துசெய்யப் பாடுபடுங்கள் என்று தன் காங்கிரஸ் உறுப்பினர்களைக் கேட்பதோடு கென்டக்கி நின்றது. 'செல்லாததாக்கல்' என்ற சொல் அடுத்த ஆண்டு, 1799 நவம்பர் தீர்மானத்தில்தான் உள்ளே வந்தது. மேடிசனோ ஆரம்பத்திலிருந்தே மெதுவாக நடந்தார். மாநிலங்கள் 'குறுக்கே நிற்க' வேண்டும் என்று எழுதினார். குறுக்கே எப்படி நிற்பது என்று சொல்லவில்லை. 1798 டிசம்பர் கடைசியில் ஜெஃபர்சனுக்கு ஒரு கேள்வியும் அனுப்பினார்: மாநிலம் வேறு, மாநில சட்டமன்றம் வேறு என்பதை யோசித்தீர்களா? சாசனத்தை ஏற்றது மக்கள் கூடிய மாநாடுகள், சட்டமன்றங்கள் இல்லையே. நண்பர் கொஞ்சம் அதிகமாகப் போகிறார் என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

பலன்? வேறு ஒரு மாநிலம்கூட இவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடவில்லை. வடக்கு மாநிலங்கள் கடுமையாக மறுத்துப் பதில் அனுப்பின. அவற்றில் வெர்மான்ட் பதில் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. மத்திய அரசின் சட்டம் சாசனத்துக்கு ஒத்ததா என்று முடிவெடுப்பது மாநில சட்டமன்றத்தின் வேலை இல்லை, நீதிமன்றத்தின் வேலை என்றது அது. லயனை உள்ளே தள்ளிய அதே வெர்மான்ட். வாதமாகப் பார்த்தால் பின்னாளில் அமெரிக்கா போன பாதை இதுதான், ஆனால் சொன்ன நேரத்தில் அந்த நீதிமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் விஷயம்.

இதைவிட முக்கியமான ஒன்று. காலண்டரின் வழக்கு நடந்த ரிச்மண்ட், வர்ஜீனியாவின் தலைநகர். குறுக்கே நிற்போம் என்று தீர்மானம் போட்டு ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கவர்னர் மன்றோ, ஜெஃபர்சனின் ஆள். தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் வைத்த ஜான் டெய்லரையே பிரதிவாதி சாட்சியாகக் கூப்பிட்டார்கள், சேஸ் அவரைப் பேச விடவில்லை. அப்படியும் வர்ஜீனியா ஒரு காவலாளியைக்கூட நிறுத்தவில்லை. அதன் தலைநகரிலேயே, அதன் கண்ணெதிரே, செல்லாது என்று கருதிய சட்டம் ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பியது. ஆக, தீர்மானம் ஒரு அறிக்கையாகவே இருந்தது. மன்றோ பொறுமையாக இருந்தது சரி என்றே நினைக்கிறேன், ஹாமில்டனின் படை நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் தீர்மானம் யாரையும் காப்பாற்றியது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி: அதே ஆயுதத்தை அப்புறம் யார் எடுத்தார்கள்? 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் கூடினார்கள் நியூ இங்கிலாந்து ஃபெடரலிஸ்டுகள். அதிபர் நாற்காலியில் மேடிசன், அவர் நடத்தும் போரை எதிர்த்து அவருடைய மொழியையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 1832 நவம்பரில் தெற்கு கரோலினா சுங்க வரியைச் செல்லாததாக்கியது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் படைபலத்தைக் காட்டினார், வரியைக் குறைத்து ஒரு சமரசமும் வந்தது. 80 வயது தாண்டிய மேடிசன் தன் வீட்டிலிருந்து கடிதம் மேல் கடிதம் எழுதினார், நான் சொன்னது இது இல்லை, ஒரு மாநிலம் தனியாகச் சட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நான் சொல்லவே இல்லை என்று. யார் கேட்டார்கள்? தெற்கு கரோலினாவின் வரிக் கணக்குக்குப் பின்னால் அடிமைமுறையைப் பற்றிய பயமும் இருந்தது.

அதற்காக இது அடிமை எஜமானர்களின் ஆயுதம் என்று எளிதாக முடித்துவிடவும் முடியவில்லை. 1854 மார்ச்சில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில், தப்பிவந்த ஜோஷுவா குளோவரைப் பிடித்துச் சிறையில் வைத்திருந்தார்கள். ஊர் மக்கள் திரண்டு கதவை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். தப்பிய அடிமையைத் திருப்பிக்கொடுக்கச் சொல்லும் மத்திய சட்டம் செல்லாது என்று மாநில உயர் நீதிமன்றமும் சொன்னது. 1859-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியபோது, விஸ்கான்சின் சட்டமன்றம் கென்டக்கியின் பழைய வாசகங்களையே எடுத்துத் தன் தீர்மானமாகப் போட்டது. அன்றைக்கு மத்திய அதிகாரம் வேண்டும் என்று கூவியது தெற்கு, மாநில உரிமை பேசியது வடக்கு. இந்த வழி எந்தப் பக்கத்துக்கும் சொந்தம் இல்லை, கையில் எடுப்பவர் பக்கம்.

வாக்குச்சீட்டு

1798 செப்டம்பர் தேர்தலில் லயனுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மறுபடி வாக்கெடுப்பு டிசம்பரில். இடையில் அவரைச் சிறையில் போட்டார்கள். டிசம்பரில் சிறைக்குள் இருந்தபடியே பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருடைய மலைநாட்டு ஆட்கள் சிறையை இடித்து அவரை வெளியே கொண்டுவரத் தயாராக இருந்தார்கள், வேண்டாம் என்று தடுத்தவர் லயன். மன்னிக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு ஆடம்ஸுக்குப் போனது. முதலில் அவர் வருந்தட்டும், பிறகு மன்னிப்பு என்று பதில் வந்தது. லயன் வருந்தவில்லை. 1799 பிப்ரவரியில் அபராதத்தைக் கட்டி வெளியே வந்ததும், காங்கிரஸுக்குப் போகிறேன் என்று அங்கேயே அறிவித்தார். அப்படிப் போகும் உறுப்பினரை வழியில் கைதுசெய்ய முடியாது. இன்னொரு வழக்கு காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரை அவையை விட்டே நீக்கவும் பார்த்தார்கள். 49-க்கு 45, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை.

இந்த வழியில் விலையைக் கொடுப்பவர் தெரிந்தே கொடுக்கிறார், அது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் எல்லாரும் லயன் இல்லை. மாசசூசெட்ஸின் டெடம் ஊரில் 1798 நவம்பரில் ஒரு சுதந்திரக் கம்பம் நட்டு, ஸ்டாம்ப் சட்டம் வேண்டாம், செடிஷன் சட்டம் வேண்டாம், நில வரி வேண்டாம் என்று பலகை மாட்டினார்கள். அதற்காக டேவிட் பிரவுன் என்ற ஊர்சுற்றிப் பேச்சாளருக்கு 18 மாதச் சிறை, 480 டாலர் அபராதம். இந்தச் சட்டத்தில் விதித்த தண்டனைகளில் கனமானது அது. லயனுக்கு நண்பர்கள் வசூல்செய்து பணம் கட்டினார்கள். பிரவுனுக்குக் கட்ட ஆள் இல்லை. தண்டனைக்காலம் முடிந்த பிறகும் உள்ளேயே கிடந்தார்.

ஆனாலும் கணக்கு பார்த்தால், ஒவ்வொரு வழக்கும் ரிபப்ளிகன்களுக்கு இலவச விளம்பரம். மூடிய பத்திரிகைகளைவிடப் புதிதாகத் திறந்தவை அதிகம். ஃப்ரைஸ் விவகாரத்தில் படை நடந்துபோன கிழக்குப் பென்சில்வேனிய ஜெர்மன் ஊர்கள் அதுவரை ஃபெடரலிஸ்ட் பக்கம் இருந்தவை, அவை திரும்பின. நியூயார்க்கில் ஜெஃபர்சனின் கட்சிக்காரரான ஆரன் பர் தெருத்தெருவாக ஆள்பிடித்து 1800-இல் மாநில சட்டமன்றத்தையே மாற்றினார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் வாக்கில் கடைசிக் கணக்கு ஜெஃபர்சன் 73, பர் 73, ஆடம்ஸ் 65. இரண்டே ஆண்டில் வந்த பலன். வேறெந்த வழியும் இந்த வேகத்துக்குக் கிட்டே வராது.

அந்த 73-இல் ஒரு கறை இருக்கிறது. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்து எண்ணித்தான் தெற்கு மாநிலங்களுக்கு வாக்குகள் ஒதுக்கினார்கள். அதை எடுத்துவிட்டால் ஜெஃபர்சனுக்கு ஒரு டஜனுக்குக் குறையாத வாக்குகள் போய்விடும், ஜெயித்தது எட்டே வாக்கில். வாக்கே இல்லாதவர்களின் தலைகளை எண்ணி வந்த வெற்றி அது. பெண்களுக்கும் வாக்கு கிடையாது, நியூ ஜெர்சியில் சொத்து வைத்திருந்த சிலரைத் தவிர. கேப்ரியலிடம் போய், துப்பாக்கி வேண்டாம், வாக்குச்சீட்டுதான் நல்ல வழி என்று சொல்லியிருக்க முடியுமா? அவர் எதிரே நான்கு வழிகள் இருக்கவில்லை.

என் தேர்வு

வாக்குள்ள ஒருவராக 1798-இல் இருந்திருந்தால் நான் லயன் பக்கம். சட்டத்தை வெளிப்படையாக மீறி எழுதுவது, சிறைக்கதவை உடைக்காமல் உள்ளே போவது, உள்ளிருந்தே தேர்தலுக்கு நிற்பது. கூடவே மாநிலத் தீர்மானமும் வேண்டும், ஆனால் மேடிசனின் வாசகத்தில், பிரசாரத் துண்டறிக்கையாக மட்டும். மத்திய அரசின் எல்லை எது என்ற கேள்வியைக் கடைவீதிவரை கொண்டுபோனது அந்தத் தீர்மானம்தான், அதன் உபயோகமும் அவ்வளவுதான். ஜெஃபர்சன் ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதினார், அந்தச் சொல்லுக்கு 1832-இல் வேறு ஆள் சொந்தம் கொண்டாடினார்கள். நீதிமன்றத்தில் வாதாடுவேன், ஜெயிக்க அல்ல, அடுத்த நாள் பத்திரிகையில் வர. சட்டத்திலேயே காலாவதித் தேதி எழுதியிருந்தது இந்தத் தேர்வுக்குப் பெரிய துணை. முடிவு தேதி இல்லாத சட்டமாக இருந்தால், அல்லது தேர்தலையே தள்ளிவைக்கும் அரசாக இருந்தால், இவ்வளவு நிம்மதியாக இதைச் சொல்லமாட்டேன்.

ஜெஃபர்சனுக்கும் பர்ருக்கும் சம வாக்கு வந்ததால் முடிவு காங்கிரஸின் கீழவைக்குப் போனது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. வெர்மான்டுக்கு உறுப்பினர் இருவர்: ஜெஃபர்சன் பக்கம் லயன், பர் பக்கம் லூயிஸ் மோரிஸ் என்ற ஃபெடரலிஸ்ட். அதனால் வெர்மான்டின் வாக்கு 35 சுற்றுவரை செல்லாக்காசு. டெலவேரின் ஜேம்ஸ் பேயார்ட் வழிவிட முடிவுசெய்த பிறகு, 1801 பிப்ரவரி 17 அன்று 36-ஆவது சுற்றில் மோரிஸ் ஒதுங்கிக்கொண்டார். வெர்மான்டின் வாக்கை லயன் தனியாளாகப் போட்டார். மார்ச்சில் செடிஷன் சட்டம் தானாகக் காலாவதியானது, ஜெஃபர்சன் மன்னிப்பு கொடுத்ததும் டேவிட் பிரவுன் வெளியே வந்தார், அடுத்த ஆண்டு விஸ்கி வரியும் ஒழிந்தது.

லயனின் 1,000 டாலரைக் காங்கிரஸ் 1840-இல் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. வாங்கிக்கொண்டவர்கள் வாரிசுகள். அவர் இறந்து 18 ஆண்டு ஆகியிருந்தது.